சாப்பாட்டுக்கு முன்

மாத்திரை விஷயத்தில் நம்மவர்களுக்குப் பொறுப்பே கிடையாது, மேடம். தலைவலிக்குப் பக்கத்து வீட்டு மாத்திரை, காய்ச்சலுக்குப் போன வருஷத்து மாத்திரை. காலையில் மறந்துவிட்டால் சாயங்காலம் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவார்கள். என் வீட்டில் அதெல்லாம் நடக்காது. ஹெலினாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் மாத்திரையை அவள் கையால் எடுத்ததே இல்லை. நான்தான் பிரித்து, தண்ணீரோடு நீட்டுவேன். விழுங்குகிறாளா என்று நின்று பார்ப்பேன். கொரட்டூரில் எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள். பால்ராஜ் சாரைப் போல ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஜாக்சன் பிரதர் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். அவருடைய ஜெபக்கூட்டத்து ஆட்களும் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டபடி இருக்கிறார்கள். பேய் ஓட்டுகிறோம் என்று என் மனைவியை அடித்தே கொன்றுவிட்டார்கள் என டிவியில் சொல்கிறார்கள். அடித்தது உண்மை. ஆனால் ஹெலினாவுக்கு எது எப்போது வேண்டும் என்று பார்த்துக்கொண்டது நான் ஒருவன்தான். அந்தப் பொறுப்பை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் நானாக வந்து பேசுகிறேன். இடையில் எதுவும் கேட்காமல் இருந்தீர்கள் என்றால் கோவையாகச் சொல்லிவிடுவேன்.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், கேஜ் வைத்து அளவும் தரமும் பார்க்கிற பிரிவில் இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஹெலினா அதே எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. வீட்டில் சும்மா பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். அவள் வேலைக்குப் போக, நான் சமைத்தேன். எனக்கு அதில் ஒன்றும் வெட்கமில்லை. ஆனால் தண்ணி லாரிக்காக நிற்கும் பெண்களிடம் அவள், "எங்க ஊட்டுக்காரரு உப்பக்கூட கேஜ் வெச்சு அளந்துதான் போடுவாரு, ஆனா வாயில வெக்க முடியாது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். நல்லவர். முதல் முறை மாத்திரை எழுதும்போதே எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இந்த மாத்திரை உள்ள போனா சர்க்கரைய இறக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதனால போட்ட கொஞ்ச நேரத்துல சாப்பிட்டே ஆகணும். சாப்பிட முடியாத நாள்ல நீங்களா எதுவும் முடிவு பண்ணாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. வேர்க்கும், கை நடுங்கும், படபடன்னு வரும், காரணமே இல்லாம கோவம் வரும், பேச்சு குழறும். உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ குடுங்க. மயங்கிட்டாங்கன்னா மட்டும் வாயில எதையும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க." நான் அதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். மாத்திரை கொடுத்துவிட்டேன், இட்லி பாதி வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரில் ரெகுலேட்டர் வெகுநேரம் பொருந்தவில்லை. நான் குனிந்து போராடிக்கொண்டிருக்க, ஹெலினா பின்னாலிருந்து திட்ட ஆரம்பித்தாள். கரண்டி பறந்து வந்து என் முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். நைட்டி முழுக்க நனைந்திருந்தது. சுவரில் சாய்ந்தபடியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். "இன்னாங்க, எனக்கு இன்னாவோ பண்ணுது" என்றாள். அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் அப்படித்தான் பேசுவாள். சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, என் பனியனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் இல்லன்னா நான் செத்தே பூட்டிருப்பேன்" என்றாள். அன்று முழுக்க அவள் என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் தடவை சிலிண்டர் நிறைய இருந்தது. அடுப்பைப் பற்றவைக்க நான்தான் கொஞ்சம் தாமதித்தேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அடிக்கடி என்று சொல்ல மாட்டேன். அவள் குரல் வீட்டில் ரொம்ப உயர்ந்துவிட்ட மறுநாள் மட்டும். சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கும்போது அவள் ஆளே மாறிவிடுவாள். ஒரு நாள் குக்கர் மூடியால் என் புருவத்தைக் கிழித்தாள், தையல் போட்ட தழும்பு இதோ இருக்கிறது. ஒரு நாள் வாஷ்பேசினில் மோதி அவள் முன்பல் உடைந்தது. பல்லைத் தேடி எடுத்துக் கழுவிப் பத்திரப்படுத்தினேன். இன்னொரு நாள் என்னைத் தள்ளப் போய்த் தடுமாறி, உள்ளங்கையைத் தோசைக்கல்லில் ஊன்றிவிட்டாள். கையை எடுக்கத் தெரியவில்லை அவளுக்கு. தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அடுப்பை அணைத்தேன், சர்க்கரை கொடுத்தேன், அதன் பிறகு கையைப் பார்த்தேன். அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், மேடம். பதறினால் காரியம் கெட்டுவிடும்.

கட்டுப் போட்ட கையோடு அவள் படுத்திருக்க, நான் பிசைந்து ஊட்டினேன். பார்க்க வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா சந்தேகப்பட்டார். என் மேல் இல்லை, மாத்திரை மேல். நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள் என்றேன். ஹெலினா மறுக்கவில்லை. அந்தக் காலைகளில் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒழுங்காக நினைவு இருப்பதில்லை. டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினார். "இத மட்டும் போட்டா சர்க்கரை அவ்வளவு லேசுல கீழ போகாது. பழைய மாத்திரைய வீட்ல வெச்சுக்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க" என்றார். சரி என்றேன்.

தூக்கிப் போடவில்லை.

வேண்டிய நாளில் புதியதற்குப் பதிலாகக் கொடுத்ததில் பழையது தீர்ந்துகொண்டே வந்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் மெடிக்கல் வைத்திருக்கும் உஸ்மான் கனி பாயிடம் ஒரு அட்டை கேட்டுப் பார்த்தேன். "டாக்டரு நிறுத்தின மாத்திரையாச்சே அண்ணே. புதுச் சீட்டு இல்லாம நான் குடுக்க மாட்டேன், கோச்சுக்காதீங்க" என்றார். கோபமே வரவில்லை. ஒழுங்கைக் கடைப்பிடிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும். மீதி இருந்ததைச் சிக்கனமாக வைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் ரியா முழுகாமல் இருந்தாள். முகப்பேரில் அவளும் மாப்பிள்ளையும் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். ஹெலினா துணைக்குப் போய், ரியா எடுத்துக் கொடுத்த புது மாத்திரையோடு சில நாள் தங்கிவிட்டு வந்தாள். வந்தவள் முகம் தெளிந்திருந்தது. காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்: "அங்க ஒரு நாள்கூட கை நடுங்கல, தெரியுமா? இந்த ஊடுதான் எனக்கு ஒத்துக்கல போல. நான் ரியாகூடவே போயிடலாம்னு பாக்குறேன். கம்பெனி பஸ்ஸு அங்கயும் வருது."

"நான்?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னா? சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். நீ பாட்டுக்கு இங்க இரு."

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழைய நாற்காலியை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்பதைப் போலச் சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். இந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே சொல்லிவிட்டாளே என்று யோசித்தேன். வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்கள் சபையில் யாரிடம் சொல்வார்கள்?

ஜாக்சன் பிரதர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஒரு மெக்கானிக் ஷெட் மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். ஆரம்பத்தில் வெல்டிங் வேலை செய்தவர், இளகிய மனசு. நான் போய்ச் சொன்னதும் முதலில் அவர் கேட்டது, "டாக்டர்கிட்ட காட்னீங்களா பிரதர்?" என்றுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"காட்டியாச்சு. மாத்திரைய மாத்தியும் பாத்தாச்சு. ரியா ஊட்ல இருந்தா ஒண்ணும் இல்ல, எங்க ஊட்டுக்கு வந்தா வருது" என்றேன். இதில் ஒரு பொய்யும் இல்லை.

"வந்தா இன்னா பண்றாங்க?"

"கத்துறா, அடிக்கிறா. கண்ணு சொருகுது. இனிப்பு கேக்குது, பிரதர். குடுத்தா அடங்கிடுது. அப்புறம் திரும்ப வருது."

கேட்குது என்றுதான் சொன்னேன், கேட்கிறாள் என்று சொல்லவில்லை. அவர் கண்ணை மூடி ஜெபித்தார். "நீங்களே தீனி போட்டு வளத்துருக்கீங்க பிரதர். இனிமே எவ்ளோ கேட்டாலும் குடுக்கக் கூடாது" என்றார். பாருங்கள், அதை நான் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை உபவாச ஜெபம். மத்தியானம் தாண்டும்வரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஜாக்சன் பிரதர் ஒவ்வொரு முறையும் மைக்கில் சொல்வார். அவர்களுக்கென்று பின்வரிசையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இருக்கும். அன்று காலையில் நான்தான் ஹெலினாவிடம், "இன்னைக்கு உனக்காகத்தான் விசேஷ ஜெபம் வெச்சிருக்காங்க. முடிஞ்சு வந்து சாப்பிடலாமே" என்றேன்.

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். ரியா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக ஆசைப்பட்டாள் போலிருக்கிறது. "புது மாத்திர தானே, சாப்பிடாட்டியும் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். நான் கொடுத்தது பழையது. மீதியிருந்ததை இனிமேல் சேர்த்து வைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது, அத்தனையையும் கொடுத்துவிட்டேன். அவள் உள்ளங்கையைப் பார்க்காமலே விழுங்கினாள். என் சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டேன். அவள் நன்றாகப் பயந்த பிறகு, அத்தனை பேர் முன்னாலும் நான் எழுந்து போய்க் கொடுப்பேன். என் மடியில் கண் விழிப்பாள். முகப்பேர் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். என் யோசனை அதுதான். கொலை செய்கிற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீபோர்டும் டிரம்மும் அதிர்ந்தன. எல்லாருக்குமே வேர்த்ததால் அவளுக்கு வேர்ப்பது தெரியவில்லை. முதலில் கைதட்டுவதை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த பெண்ணை முறைத்தாள். அந்தப் பெண் தோளில் கை வைத்ததும் பிடித்துத் தள்ளினாள். டிரம் நின்றது. அந்த அமைதியில் ஹெலினா எழுந்து தள்ளாடி நின்று, "சக்கர... சக்கர குடுங்க" என்றாள். நாக்குக் குழறியது. ஆண் குரலைப் போலக் கரகரத்தது.

எல்லாரும் ஜாக்சன் பிரதரைப் பார்த்தார்கள். அவர் மைக்கைக் கீழே வைத்தார். "குடுக்காதீங்க. இவ்ளோ நாளா இதத்தான் துன்னுகினு இருந்துச்சு" என்றார்.

முதலில் தலையில் கை வைத்துத்தான் ஜெபித்தார்கள். அவள் உதறினாள். இளங்கோ என்று ஒருவன், எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவன், பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். அவள் அவன் முழங்கையைக் கடித்துச் சதையைப் பெயர்த்துவிட்டாள். ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி ஏறியது. கன்னத்தில் அறைந்தார்கள். வயிற்றில் குத்தினார்கள். தலைமயிரைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். பின்மண்டை சிமெண்ட் தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பெண்கள் அவள் கால்மேல் உட்கார்ந்தார்கள். "போ, வெளிய போ" என்று சொல்லிச் சொல்லி ஒருவர் மார்பில் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அவள் வாயிலிருந்து அந்த ஒரே சொல் பாதிப் பாதியாக வந்தது. யார் முகம் கிட்டே வந்தாலும் அவர்களிடம் கேட்டாள். தன்னை அடிப்பவனிடமே கேட்டாள். நான் தூணை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஞானம்மாள் எழுந்து வந்தார். அவருக்கும் சர்க்கரை. கையில் உரித்த வாழைப்பழம். "பிரதர், இது பேயில்ல பிரதர். சர்க்கரை எறங்குனா எனக்கும் இப்படித்தான் வரும். ஒரு வாய் குடுத்துப் பாக்கலாம்" என்றார். அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஜாக்சன் பிரதர் குழம்பிப் போனார். அவர் கெட்டவர் இல்லை என்று சொன்னேனே. கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடினார். "பிரதர்? நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்.

ஹெலினாவும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. மற்றக் கண்ணில் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று தோன்றியது. "மாத்தர... இவன்தான்..." என்றாள். இருபது முப்பது பேர் முன்னால் என்னை இவன் என்றாள்.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு ரொம்ப நேரம் ஆகவில்லை. அவளுக்கு வலிப்பு வந்தது. குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன, வாயில் நுரையும் ரத்தமும் தள்ளியது. "போவுது, போவுது" என்று கத்தினார்கள். டிரம் மறுபடி ஆரம்பித்தது. அவள் உடம்பு துள்ளி ஓயும்வரை எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். அடங்கியதும் ஜாக்சன் பிரதர் அழுதுகொண்டே ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்து, "ஜெயிச்சிட்டோம் பிரதர்" என்றார். மூச்சு இருக்கிறதா என்று ஞானம்மாள்தான் குனிந்து பார்த்தார். குளுக்கோஸ் என் பையிலேயே இருந்தது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த நேரத்தில் அதை எடுத்திருந்தால் அதுதான் தப்பு.

அவர்களை விட்டுவிடுங்கள், மேடம். மாத்திரையைக் கொடுத்தது நான், சாப்பாட்டைத் தடுத்தது நான், பழத்தைத் தடுத்ததும் நான். கையெழுத்து எங்கே என்று சொன்னால் போடுகிறேன். என் சட்டைப் பையில் அந்தக் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பார்த்த ரியா, கையில் வைத்துக்கொண்டே ஏன் கொடுக்கவில்லை என்று இன்று காலையில் கேட்டாள். நீங்களும் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். அந்த மாடியில் இருந்த ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டாள். என்னை நேராகப் பார்த்தாள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.